பெட்டி சுடாது என்ற பாய்

நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் துணி தேய்த்த பாய்க்கு வெள்ளைத் தாடி, கரி படிந்த விரல்கள். "இஸ்திரிப் பெட்டிக்கு ஏதும்மா சூடு? அல்லா சுட வெச்சாத்தான் சுடும்" என்று எப்போதும் சொல்வார். இறந்துபோன என் மகனின் சட்டையை மாதாமாதம் அவரிடம்தான் தேய்க்கக் கொடுப்பேன். ஒருநாள் அதைக் கருக்கிவிட்டார்.

"இதையும் அல்லாதான் சுட்டாரா பாய்?" என்று கேட்டேன்.

"சுட வெச்சது அவன்தாங்க. பராக்கு பாத்துகினு பெட்டிய வெச்சது என் கை. குத்தம் என்னுதும்மா" என்றார்.

எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சட்டையை மடித்து எடுத்துவந்தேன்.

மகன்மேல் லாரியை ஏற்றியவன் என் முன்னால் நின்று, எல்லாம் ஆண்டவன் செயல் என்றுதான் சொன்னான். குற்றம் தன்னுடையது என்று என்னிடம் சொன்னவர் அந்தப் பாய் ஒருவர்தான். அதுவும் ஒரு சட்டைக்காக.