ஆடு தொடாத செடிக்கு நான் காவல்

இன்னா மாமே, முதலாளி திட்டுனாருன்னு ஆளாளுக்கு அழுவுறீங்க? நீங்கள்லாம் கொழுஞ்சி வளத்ததில்ல, அதான். தரிசுல தானா மொளைக்கிற செடி அது. பூ வெக்கிறப்ப நெலத்தோட மடக்கி உழுதா நெல்லுக்கு எரு. தண்ணி வாணாம், மருந்து வாணாம், பாத்துக்க ஆளே வாணாம். அந்த வாணாத ஆளுதான் நானு.

ப்ளஸ் டூவ பாதில உட்டதுலேர்ந்து நான் மாத்தாத வேலை இல்ல. "இதுவும் போச்சுன்னா சித்தப்பன் லேத்து பட்டறதான்"னு நைனா சொல்லிட்டாரு. அம்பத்தூர்ல சித்தப்பா பட்டறைல ஸ்பேனரும் பறக்கும், அவரு கையும் பறக்கும். அதனால குத்தம்பாக்கத்துல அந்தோணி சாரு கொல்லைய கெட்டியா புடிச்சுகினேன். ரயில்வேல ரிட்டையர் ஆயி, கொழுஞ்சி வெத உண்டாக்கி விவசாயிங்களுக்கு விக்கலாம்னு வந்தவரு அவரு.

ஒரே ஒரு முக்கு

கொழுஞ்சி வெதைக்கு தோலு கல்லு மாதிரி. வெந்நீர்ல ஒரு முக்கு முக்கி எடுத்தாதான் மொளைக்கும். ரோட்டுப் பக்க கொல்லைக்கு சாரே முக்கி, சாரே வெதச்சு, அழகா மொளச்சுது. பின்னாடி கொல்ல என் பொறுப்பு. அண்டால வெதையும் தண்ணியும் போட்டு அடுப்ப பத்தவெச்சேன். கொதிக்கறதுக்குள்ள ஒரு டீ அடிக்கலாம்னு கெளம்புனேன். குமணன்சாவடில டீ நல்லா இருக்கும்னு பஸ் ஏறிட்டேன்.

திரும்பி வந்தா சாரு அண்டா பக்கத்துல நிக்கறாரு. ஒரு வெதைய எடுத்து நசுக்கிப் பாத்தாரு. "சுண்டல் நல்லா வெந்திருக்கு தம்பி. தாளிக்க மட்டும் ஏன் விட்டுட்டே?"

மீன் வாலு

வெந்ததுக்கு பதிலா வெத பறிச்சுகினு வான்னு அனுப்புனாரு. அடையாளமும் சொல்லிக் குடுத்தாரு. இலை நுனிய புடிச்சு இழுத்தா, கொழுஞ்சின்னா மீன் வாலு மாதிரி பொளந்து வரும். மத்ததுன்னா கோணல்மாணலா கிழியும். திருமுல்லைவாயில் தண்டவாளத்தோரம் குந்திகினு ஒவ்வொரு இலையா இழுக்கறேன், சுத்தி கூட்டம் கூடிச்சு. மூலிகை வைத்தியருன்னு நெனச்சு ஒருத்தர் நாடி பாக்க கைய நீட்டறாரு.

பேஜாரு இன்னான்னா, காய் காஞ்ச செடில இலை கொட்டிப் போச்சு. இலை கீற செடில காய் இல்ல. மொட்ட குச்சில எத்த இழுக்கறது? நீட்டுக் காயி, குட்டக் காயி, கைக்கு ஆப்ட்ட அல்லாத்தையும் உருவி பைய ரொப்பிகினேன். ஒரு அம்மா மட்டும் பஸ் ஸ்டாப் வரைக்கும் உடாம வந்துச்சு. "எதுக்கு மருந்துன்னுகூட சொல்ல வாணாம் நைனா, ஒரு புடி குடு. எங்க ஊட்ல ஆளுக்கு ஒரு நோவு கீது."

சாயங்கால டிராமா

பின்னாடி கொல்லையும் மொளச்சுது. மண்டைய பொளக்கற வெயிலு, சொட்டுத் தண்ணி இல்ல, ஆனா ரெண்டு கொல்லையும் பச்ச. சாரு என்னை காவலுக்குப் போட்டாரு. பக்கத்துல ஆடு மேய்க்கற பட்டம்மா அக்காவோட ஆடுங்க மொத நாளே ரோட்டுப் பக்க கொல்லைல பூந்துச்சு, மோந்து பாத்துச்சு, தும்மிட்டுப் போயிடுச்சு. கொழுஞ்சிய ஆடு துன்னாதாம். துன்னாத செடிக்கு காவக்காரன் எதுக்குன்னு சாரு கேட்டா நேரா லேத்து பட்டறதான்.

அக்கா கால்ல உழாத கொறையா கெஞ்சினேன். அதுலேர்ந்து சாரு வர நேரத்துக்கு அக்கா ஆட்ட உள்ள உடும். நான் கம்ப சுத்திகினு ரோட்டுக்கு தொரத்துவேன். சாரு தோள்ல தட்டிக் குடுப்பாரு. அக்கா ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டுச்சு. "கத்து, ஓடு, உழுந்து பொரளு. கறுப்பு ஆட்ட மட்டும் அதட்டாத, அது செனையா கீது."

பேரு வாங்கலாம்னு

திருவள்ளூர் பக்கத்துலேர்ந்து விவசாயிங்க வெத கேட்டு வந்தாங்க. "கொழுஞ்சிதான்னு எப்டி நம்பறது?"ன்னு ஒரு பெரியவரு கேட்டாரு. நான் ஸ்டைலா ரோட்டுப் பக்க செடில ஒரு இலைய இழுத்தேன். மீன் வாலு. சரியா அப்பதான் அக்கா ஆட்ட உட்டுச்சு. அவங்க எதிர்ல பேரு வாங்கலாம்னு ரோட்டுப் பக்கமிருந்து பாஞ்சேன். டெய்லி ரோட்டுக்கு ஓடற ஆடுங்க, அன்னிக்கு பின்னாடி கொல்லைக்கு ஓடிச்சு.

ஓடுனது நின்னுச்சு. நின்னது துன்ன ஆரம்பிச்சுது. நான் கத்தறேன், ஒண்ணும் தலைய தூக்கல, கறுப்பு ஆடுதான் முன்னாடி நின்னு துன்னுது. நாங்க கிட்ட போறதுக்குள்ள பாதி கொல்ல வெறும் குச்சி. அக்கா மூச்சு வாங்க வந்து சாருகிட்ட மன்னிப்பு கேட்டுச்சு. அத்தோட நிறுத்திகினு இருக்கலாம். "இது சித்தகத்தி சாரு, ஆட்டுக்கு அல்வா. கொழுஞ்சி அந்தாண்ட கீறது. நான் டெய்லி ஆட்ட உள்ள உட்டாலும் அத்த தொடாதுங்க"ன்னு வெளக்கம் வேற குடுத்துச்சு. ஒரே மூச்சுல நான் பொறுக்குன வெதையும் சந்தி சிரிச்சுது, என் காவலும் சந்தி சிரிச்சுது.

பெரியவரு சாரு பக்கம் திரும்புனாரு. "ஆடு தொடாத பக்கத்து வெதைய அப்டியே எங்களுக்கு எடுத்து வைங்கய்யா. அடையாளம் பாக்கறதுக்கு இந்தத் தம்பி வேணாம், அந்தக் கறுப்பு ஆட்டையே வெச்சுக்குங்க."

ஒளிக்காம சொல்றேன் மாமே, அத்தினி இலைய இழுத்து அத்தினி கம்ப சுத்துன எனக்கு இன்னிய தேதிக்கும் கொழுஞ்சி எதுன்னு தெரியாது, சித்தப்பா பட்டறைல லேத்து மிசின மட்டும் கண்ண கட்டி உட்டாலும் காட்டுவேன்.