தராசு முள் நிற்கும்வரை அம்மா அசையவில்லை

இன்று பதுளையில் அம்மாவுக்குப் பயொப்சி. முதுகில் ஊசி விட்டு கிட்னியில் சின்னத் துண்டு எடுப்பார்கள். மரத்துப்போக மருந்து உண்டு; ஆனால் அசைந்தால் இரத்தம் கசியலாம். அம்மாவோ பயத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து மடுல்சீமைத் தோட்டத்து வீட்டுக்கே ஓடி வந்தவர்.

வீடியோ பார்த்துப் பழகிய ஹிப்னாஸிஸைப் பற்றி டொக்டரிடம் சொன்னேன். "பேசுங்க. ஆனா அவங்க அசையக்கூடாது" என்றார்.

வாசலில் மாமா சிரித்தார். "யூடியூப் மந்திரவாதி வந்துட்டான்டா!"

சிரிக்கட்டும். உள்ளே போனேன்.

"கண்ண மூடுங்கம்மா. தேயிலை மலையில நிக்கிறீங்க, காத்து சில்லுன்னு அடிக்குது."

அவ்வளவுதான். அம்மாவின் விரல்கள் கட்டிலில் கொழுந்து பறிக்க ஆரம்பித்துவிட்டன!

"ஐயோ, கைய நிப்பாட்டச் சொல்லுங்க!" என்று நர்ஸ் மிஸ் கத்தினார்.

சட்டென்று மாற்றினேன். "பறிச்சது போதும்மா. இப்ப கொழுந்து நிறுக்கிறாங்க. தராசு முள்ளு நிக்கிறவரைக்கும் மூச்சு விடாம பாருங்க. அசஞ்சா கங்காணி கணக்குல ரெண்டு கிலோ வெட்டிருவாரு!"

அம்மா கல்லாகிவிட்டார். ஊசி இறங்கியது, வெளியே வந்தது.

"முடிஞ்சிருச்சும்மா."

"எத்தன கிலோடா போட்டான் கங்காணி?"

இப்போது மல்லாந்து படுத்திருக்கிறார். இதுவரை கசிவு இல்லை.

மாமா, அடுத்த வாரம் உங்களுக்குப் பல்லு புடுங்கணுமே. மந்திரவாதி வேணுமா, வேணாமா? எல்லாரும் பாக்குற மாதிரி கமென்ட்ல சொல்லுங்க.