பதிவேட்டின் முதல் பெயர்

சென்ற செவ்வாய்க்கிழமை கடலூர் பஸ் நிலையத்தில் நின்றிருந்தபோது போதகர் போன் செய்தார். "தேவசகாயம் மாமா சிதம்பரத்துல தவறிட்டாரும்மா" என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் வெட்கம் வந்தது. ஏன் என்று நம் சபையாரில் சிலருக்குத் தெரியும்.

சுனாமிக்கு மறு வருடம் நம் மெதடிஸ்ட் சபையின் வரலாற்றை எழுத மாமாவையும் என்னையும் நியமித்தார்கள். மாமா தபால் துறையில் ஓய்வு பெற்றவர். இந்தச் சபையில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் அவருடைய கொள்ளுத்தாத்தா என்றே எல்லோரும் நம்பியிருந்தோம். முன் பெஞ்சில் அந்தக் குடும்பத்தைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை, "இங்க கறையான் ஜாஸ்தி, எங்க வீட்டு பீரோவுல இருக்கட்டும்" என்று மாமா சிதம்பரத்துக்கு எடுத்துப் போனார்.

நான்கு மாதமாகியும் அது திரும்பவில்லை. நேரில் போய்க் கேட்டேன். "பைண்டிங்குக்குக் குடுத்திருக்கேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அவர் சொன்ன கடைக்கே போய் விசாரித்தேன். அப்படி எதுவும் வரவில்லை என்றார் கடைக்காரர். மறுபடி மாமா வீட்டுக்குப் போனபோது காபி கொடுத்தார். பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தார். அதன் பிறகு ஞாயிறுகளில் அவரைக் கண்டால் ஸ்தோத்திரம் சொல்லி வணங்குவதையும் நிறுத்திவிட்டேன். "ஏதோ பக்கத்தைக் கிழிச்சிட்டாரு ஐயா" என்று போதகரிடமும் சொன்னேன்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடியும் நேரத்தில் மாமா எழுந்தார். கையில் பதிவேடு. "மொதல் பேரு மரியாள். துரை பங்களாவுல கூட்டிப் பெருக்குன அம்மா. எங்க கொள்ளுத்தாத்தா ஒம்பதாவது."

மரியாளின் வழியில் வந்த ரூத் அக்கா கடைசி வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மாமாவின் அண்ணன் எழுந்து வெளியே போனார். அதற்குப் பிறகு தம்பியின் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

வெளியே வந்து மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எதுக்கும்மா? நீ சந்தேகப்பட்டது சரிதான். கிழிக்கத்தான் எடுத்தேன். அந்தப் பேரும் போயிட்டா ரூத்து வீட்டாருக்கு இன்னா இருக்குதுன்னு தோணுச்சு. பாதியில நிறுத்தி பதிவேட்ட மூடிட்டேன்."

என் வெட்கத்தைக் குறைக்கத்தான் அப்படிச் சொல்கிறாரோ என்று அதையும் சந்தேகப்பட்டேன். பதிவேட்டை வாங்கிப் பிரித்தேன். முதல் தாளின் தையல் ஓரம் இரண்டு விரல் அளவுக்குக் கிழிந்து, பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது.

அந்தத் தாள் இன்றும் சபையில் இருக்கிறது. கிழிக்கத் தொடங்கி நிறுத்திய அந்தக் கைதான் மாமாவின் நினைவாக நான் மனதில் வைத்துக்கொண்டது.