மலைக்கு முன்னால் மூன்று மாத்திரை

முதுகுப்பையைச் சுமந்துகொண்டு நான் ராயபுரம் ஹவுசிங் போர்டுக்குள் நுழைந்தபோது, என்னுடையதைவிடப் பெரிய பையோடு ஒருவன் படியில் இறங்கிக்கொண்டிருந்தான். என் நண்பன்தான். பைக்குள் வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகள், பதினைந்து கிலோ. நாலு மாடியும் ஏறி இறங்குவது அன்றைக்கு ஒன்பதாவது முறையாம்.

“இன்னா மாமு, இவ்ளோ லேட்டா வர? நான் பாதி மலை ஏறிட்டேன்” என்றான்.

நான் மதுரைக்காரன். மூன்று நாள் அவன் வீட்டில் தங்கிவிட்டு, இரண்டு பேருமாக சென்ட்ரலில் ரயிலேறி வடக்கே போய், இமயமலையில் பதினோரு நாள் நடப்பதாக ஏற்பாடு. காசிமேட்டில் ஒரு மீன் கம்பெனியில் நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் ஆரம்பித்த பேச்சு இது. பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவன் விசைப்படகு ஓட்டுகிறவன். மீன்பிடித் தடைக்காலம் வந்தால்தான் அவனுக்கு லீவு. அதிலும் பாதி நாள் படகுக்குப் பெயின்ட் அடிக்கவும் இன்ஜினைப் பிரித்து மாட்டவும் போய்விடும். ஒரு தடைக்காலத்தில் மகள் கல்யாணம், இன்னொன்றில் எனக்கு மஞ்சள் காமாலை. இந்த மே மாதம்தான் எல்லாம் கூடி வந்தது. மலைக்கு வாங்கிய ஷூவைப் பழக்குவதற்காக அவன் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிந்தான். “ஷூவோட சாமி ரூமுக்குள்ள வந்தே, அப்பால மலைக்கு கால் இருக்காது” என்று அவன் மனைவி மிரட்டிக்கொண்டிருந்தார்.

மிச்சமிருந்தது ஒரு காகிதம். மலைக்கு அழைத்துப் போகிறவர்கள் அனுப்பிய படிவம். டாக்டர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். என்னுடையதை நான் மதுரையிலேயே வாங்கிவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத அவன், நான் வரட்டும் என்று வைத்திருந்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனோம். டாக்டரம்மா அவன் கையில் பட்டையைச் சுற்றினார். பார்த்தார். மறுபடியும் சுற்றினார்.

“நூத்தித் தொண்ணூறுக்கு நூத்திப் பத்து. எத்தன வருஷமா இருக்கு?”

“இன்னாது?” என்றான்.

புரிந்ததும் வாதாட ஆரம்பித்தான். “காலையில பழைய சோத்துக்கு கருவாடு துன்னேன் டாக்டரம்மா. அந்த உப்பு காட்டுது.”

“இது ஒரு நாள் உப்பு இல்லப்பா. மலையெல்லாம் அடுத்த வருஷம் பாக்கலாம்.” மாத்திரை எழுதினார். ஒரு மாசமாவது விடாமல் போட வேண்டும், இன்னும் சில சோதனைகள் இருக்கின்றன என்றார். அவன் கெஞ்சினான். “சரி, நாளைக்கு வா. பாக்கறேன். ஆனா இந்த ஃபாரத்த எடுத்துட்டு வராத.”

அந்தக் கட்டடத்தில் கறிவேப்பிலை மாதிரி மாத்திரையும் மாடிக்கு மாடி கைமாறும். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு, இரண்டாவது மாடி அக்கா பல வருடமாகப் போட்டுவரும் பிரஷர் மாத்திரையில் இரண்டை வாங்கிக்கொண்டு வந்தார் அவன் மனைவி. “இது நல்லா கேக்குதாம்” என்று கணவனிடம் நீட்டினார். டாக்டர் கொடுத்தது ஒன்று, இது இரண்டு. உள்ளங்கையில் மூன்றையும் வைத்துக்கொண்டு அவன் என்னைப் பார்த்தான்.

என் அப்பாவுக்குக் கடைசிவரை பிரஷர் மாத்திரை கொடுத்தவன் நான். கூட்டிப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் எனக்கும் அவன் வரவேண்டும். “தண்ணி நெறைய குடி” என்றேன். பெரிய யோசனை சொல்லிவிட்டேன்! இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

மூன்றையும் விழுங்கிவிட்டு, கருவாட்டுக்குப் பயந்து வெறும் வயிற்றோடு கிளினிக்குக்குக் கிளம்பினான். எட்டு மணி இருக்கும். இரண்டாவது மாடி திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு, “மாமு, கண்ணு இருட்டிக்கினு வருது” என்றான். நான் கையை நீட்டுவதற்குள் நாலு படி உருண்டுவிட்டான். ஆட்டோவில் அவன் தலை என் மடியில் கிடந்தது. சட்டையெல்லாம் வியர்வை. என்னால் முடிந்ததெல்லாம் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததுதான்.

கிளினிக்கில் காலை உயர்த்திப் படுக்கவைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பட்டையைச் சுற்றிப் பார்த்த டாக்டரம்மா, “தொண்ணூறுக்குக் கீழ போயிடுச்சு” என்று நர்ஸிடம் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது. கண்ணைத் திறந்தான்.

“கொறஞ்சிட்சா?” என்று கேட்டுக்கொண்டே, ஊசி குத்தாத கையால் சட்டைக்குள்ளிருந்து படிவத்தை உருவினான். நனைந்து ஒட்டிப்போயிருந்தது. “இப்ப போடுங்கோ டாக்டரம்மா.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “யாரு சொல்லி போட்டே?” என்றார். பின்னாலேயே ஓடிவந்திருந்த அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன்.

“நானாதான் போட்டேன்” என்றான் அவன்.

“தடைக்காலம் முடியறதுக்குள்ள இது அடங்கணும். இல்லன்னா கடலுக்கும் போகக்கூடாது” என்றார் டாக்டரம்மா. அதற்குப் பிறகு அவன் படிவத்தைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் ரயில். நானும் போகவில்லை என்றேன். அவனுக்கு வந்த கோபத்தைப் பார்த்து, பிரஷர் மறுபடி ஏறிவிடுமோ என்று பயந்துவிட்டேன். “நீயும் போவலன்னா பன்னெண்டு வருசமும் வேஸ்ட்டு. கெளம்பு, பேஜாரு பண்ணாத.” படி இறங்கக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு. வாசலிலேயே நின்றுகொண்டான். “போட்டோ கீட்டோ அனுப்பாத, சொல்ட்டேன்” என்றான். சரி என்றேன். அழுகை வந்தது. ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சென்ட்ரலிலிருந்து வண்டி நகர்ந்ததும் டி.டி.ஆர். வந்தார். எதிர் பெர்த்தைக் காட்டி அவன் பெயரைச் சொல்லி, “எங்க சார்?” என்றார்.

“வர்றாரு” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

கூடூர் தாண்டி மறுபடி வந்தார். அவர் பின்னால், டிக்கெட் உறுதியாகாத ஒருவர் பெட்டியோடு நின்றிருந்தார். “வரலன்னு போட்டுடட்டுமா சார்?”

சரி என்று தலையை ஆட்டினேன்.