அமெரிக்கா கேட்ட ஆதாரம்

தம்பி டொலருக்காகத்தான் அமெரிக்கா போனான் என்று எங்கள் ஊர் ஆரையம்பதியில் பேசிக்கொள்கிறார்கள். பேசுகிற வாய்களுக்கு என்ன தெரியும்? எங்கள் அண்ணனைப் பல வருடங்களுக்கு முன் யாரோ வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் எங்கே என்று தம்பி கேட்டுத் திரிந்ததால், அவனையும் தேடி வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். அதனால்தான் போனான்.

நாலு நாட்டுக் காடு கடந்து போனவனைத் தடுப்பு முகாமில் அடைத்து, அண்ணனுக்கு நடந்ததற்கு ஆதாரம் கேட்டது அமெரிக்கா. கொண்டுபோனவர்கள் துண்டுச் சீட்டு எழுதித் தந்துவிட்டா போனார்கள்?

அண்ணனின் மரணச் சான்றிதழ் இருந்தால் புகலிட வழக்குக்கு உதவும் என்றார் தம்பியின் வக்கீல். அதிகாரிகள் வீடு தேடி வந்து சொல்லியும் அம்மா அதை எடுக்க மறுத்தவர். மகன் செத்துவிட்டான் என்று தன் கையால் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்பார். நான்தான் அழுது, சண்டை பிடித்து, மட்டக்களப்புக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்து வைக்கச் செய்தேன்.

சான்றிதழோடு திரும்பும்போது, பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியதும் அம்மா வாய் திறந்தார்.

“இத அனுப்பு மகள். சின்னவனாவது உயிரோட இரிக்கட்டும். ஆனா பெரியவன் வந்து கேட்டா, அம்மா கையெழுத்து வைக்கல்ல எண்டு நீதான் சொல்லணும்.”