செல்லம்மாள் உப்புப் போடவில்லை

நல்லமுத்துவுக்கு உப்பைக் கொடுத்தவன் நான். அந்தப் பழியை அவருடைய மனைவியின் தலையில் கட்டியவனும் நானே. இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

யுத்த காலம். அரியலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். அபாயம் தாண்டியவர்கள் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளப் பின்கட்டில் ஒரு கூடம் உண்டு. நல்லமுத்து அங்கே வந்து சேர்ந்தார். திருமழபாடி விவசாயி. இதயம் தளர்ந்து, கால்கள் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்தபடியேதான் தூங்குவார்.

“உப்பு உடம்பிலே தண்ணியைத் தேக்கிடும். ஒரு கல் கூடக் கூடாது” என்றார் டாக்டர். மனைவி செல்லம்மாள் தலையாட்டினாள். கொல்லைப்புற அடுப்பில் அவளே உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சினாள். இதயத்துக்கான சொட்டு மருந்தை நான் அளந்து கொடுத்தேன். வீக்கம் வடிந்தது. வராந்தா வரைக்கும் நடந்தார். வீட்டுக்குப் போகும் பேச்சுகூட எழுந்தது.

ஆனால் அந்தக் கஞ்சி அவருக்கு இறங்கவில்லை. மதியம் செல்லம்மாள் துணி துவைக்கப் போய்விடுவாள். அவரைச் சாப்பிட வைப்பது என் பொறுப்பு. ஒரு வாய்க்கு ஒரு நாழிகை... எனக்கோ பசி. என் சாப்பாட்டிலிருந்து ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்துக் கொடுத்தேன். கிண்ணம் சட்டென்று காலியாயிற்று. மறுநாளும் கொடுத்தேன். அதற்கு மறுநாளும்...

இரக்கமா அது? இரக்கம் என்றே வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. எனக்குச் சீக்கிரம் சாப்பிடப் போக வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

கால்கள் மறுபடி வீங்கின. டாக்டர் விரலால் அழுத்தினார். விழுந்த குழி எழவில்லை.

“யார் உப்புப் போட்டது?”

“சத்தியமா நான் போடலைங்க” என்றாள் செல்லம்மாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார்.

“இவங்கதான் சார் கஞ்சி காய்ச்சுறாங்க” என்றேன்.

பாருங்கள்... அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை!

அன்றே அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நல்லமுத்து வாய் திறக்கவில்லை. மருந்து என் கையிலிருந்தல்லவா வர வேண்டும்? அவள் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவள வரச் சொல்லுங்க தம்பி. நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“டாக்டர்கிட்ட கேக்கறேன்” என்றேன். கேட்கவில்லை. கேட்டால் விஷயம் கிளறப்படுமே என்று பயந்தேன்.

மூச்சுத்திணறல் ஏறிற்று. ஒரு காலைப்பொழுதில், வாசலைப் பார்த்து உட்கார்ந்த நிலையிலேயே போய்விட்டார். செல்லம்மாள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தபோது உடல் சில்லிட்டிருந்தது.

அவள் கதறவில்லை. அவருடைய வேட்டியை மடித்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

“சட்டிய நல்லாத்தாங்க கழுவுனேன். முன்னாடி கொழம்பு வச்ச சட்டி... ஒட்டியிருந்திருக்குமோ? நான்தான் கொன்னுட்டேனா?”

என்னைத்தான் கேட்டாள். உண்மையைச் சொல்ல அதை விட்டால் வேறு தருணம் எனக்கு வாய்க்கப்போவதில்லை.

“விடுங்கம்மா. நடந்தது நடந்துபோச்சு” என்றேன்.

அதை அவள் ‘ஆமாம்’ என்று எடுத்துக்கொண்டாள். தலை கவிழ்ந்த விதத்திலேயே தெரிந்தது. தெரிந்தும்... அவளை அப்படியே போகவிட்டேன்.

செல்லம்மாள் இன்னும் உயிரோடு இருப்பதாகத் திருமழபாடிக்காரர்கள் சொல்கிறார்கள். பஸ்ஸில் அரை நாள் பயணம்கூட இல்லை. நான் போகவில்லை. இதையெல்லாம் உங்களிடம் சொல்லிவிட்டேனே தவிர, நாளை போவேன் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.