எனக்கு மட்டும் தெரியாத நாற்றம்

எழுபதுகளின் கடைசி. போளூரில் ஒரு கல்யாணக் கச்சேரி. இரண்டாவது உருப்படியை நான் பாடிக்கொண்டிருந்தபோது, மேடைக்கு அடியில் எலி செத்துக் கிடக்கிறது என்று பெண்ணின் தாயார் பாட்டை நிறுத்தச் சொன்னார். ஜமக்காளத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். நானும் குனிந்து தேடினேன்.

எலி இல்லை. பத்து வருடமாக எனக்கு வயலின் வாசித்த சரோஜா என்னைப் பந்தலுக்குப் பின்னால் அழைத்துப் போனாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மூக்குலேருந்துதான் வருது. ஒரு வருஷமா எல்லாரும் பேசிகினுதான் இருக்காங்க.”

முகர்ந்து பார்த்தேன். என் தலையிலிருந்த மல்லிகைகூடத் தெரியவில்லை.

ஆரணியில் என் வீட்டுக்காரர் பட்டு நெய்பவர். என் பாட்டுச் சாதகம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று சொல்லி ஒரு வருடமாகத் தறிக்கூடத்தில் படுத்துவந்தார். ஊர் திரும்பியதும் நேராகக் கேட்டேன்.

“நீ பேஜாராயிடுவன்னுதான் சொல்லல” என்றார், தறியைப் பார்த்தபடி.

வேலூரில் மருத்துவர் நெற்றியில் கண்ணாடி கட்டிக்கொண்டு பார்த்தார். ஓசீனா என்றார் (மூக்கின் உள்சவ்வு சுருங்கி வறண்டு, சளி பொருக்காகக் கட்டி அழுகும் நோய்). இடுக்கியால் ஒன்றை இழுத்துக் கிண்ணத்தில் போட்டார். பச்சை நிறம், கட்டைவிரல் நீளம். இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் சாமி சந்நிதியில் பாடியிருக்கிறேன். அங்கேயே வாந்தி எடுத்தேன். முகரும் நரம்பும் கெட்டுவிடுவதால் நோயாளிக்கு மட்டும் நாற்றம் தெரியாதாம்.

உப்பும் சோடாவும் கலந்த வெந்நீரால் தினம் இரண்டு வேளை மூக்கைக் கழுவினேன். போதவில்லை. இரண்டு துளைகளையும் தைத்து மூடினார்கள். காற்றுப் படாமல் இருந்தால் சவ்வு தேறும் என்றார் மருத்துவர். பத்து மாதம் வாயால் மூச்சுவிட்டேன். நாக்கு தோல்செருப்பு மாதிரி காய்ந்தது. பாடிப் பார்த்தால் ‘ம’ என்பது ‘ப’ என்று விழுந்தது; ‘நி’, ‘தி’ ஆனது. ஏழு சுரத்தில் இரண்டு என்னிடம் இல்லை.

தையல் பிரித்த பிறகு சரோஜா முகத்தோடு முகம் வைத்து முகர்ந்தாள். “வாடையே இல்லீங்கக்கா” என்றாள். அந்த ஒரு வார்த்தையை நம்பி பெரணமல்லூர் கோயிலில் பாடினேன். மேல் ஸ்தாயியில் குரல் வறண்டு உரசியது. போளூர்க் கல்யாண வீட்டு அம்மாளும் வந்திருந்தார். உருகிவிட்டதாகச் சொல்லி என் கையைப் பிடித்தார். பிடுங்கிக்கொண்டேன்.

அந்த வாரமே வீட்டுக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு அறைக்குத் திரும்பினார். இப்போது எனக்குக் குமட்டியது. தறிக்கூடத்துக்கே போகச் சொன்னேன்.

உங்களுக்கும் இது வந்திருக்குமோ என்று தோன்றினால், ஒருவரையாவது உட்கார வைத்துக் கேளுங்கள். கேட்காமல் சொல்ல மாட்டார்கள்.

வாசனை எனக்குத் திரும்பவில்லை. பால் தீய்வதைப் புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இப்போதும் காலையில் மூக்கைக் கழுவுவதிலிருந்து மாலையில் கழுவுவதுவரைதான் எனக்கு ஒரு பகல், மணி பார்ப்பதில்லை. எதிரே இருப்பவர் எதற்காகவோ ஓரடி பின்னால் நகர்ந்தால் போதும், என் மூச்சு தானாக நின்றுவிடுகிறது. பாடிக்கொண்டிருக்கும்போதும்.